தையலுக்குப் பின் ஐந்து நாள் மாத்திரை எதற்கு?

நாய், பூனைக்குக் கருத்தடை அறுவை செய்தபின் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுப்பதே பாதுகாப்பு என்ற வாதம் நிற்காது. சீழில்லாத, விரைவில் முடியும் அறுவையில், கிருமிநீக்கம் முறையாக இருந்தால், ஆரோக்கியமான விலங்குக்குப் பெரும்பாலும் அம்மருந்தே தேவையில்லை. எலும்பில் உலோகத் தகடு பொருத்தும்போது தேவைப்படும். அங்கும் நேரமே முக்கியம். கத்தி வைப்பதற்கு முந்தைய 30 முதல் 60 நிமிடத்துக்குள் செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் ரத்தத்தில் ஏற வேண்டும். அறுவை நீண்டால் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும். வெட்டும் வேளையில் திசுவில் இல்லாத மருந்தைப் பிந்தைய மாத்திரை ஈடுகட்டாது. மயக்கம் கொடுக்குமுன்பே முடியை மழிப்பது தொற்றைக் கூட்டும். அந்தக் கவனக்குறைவுக்கும் மாத்திரை மாற்றல்ல. தேவையற்ற மருந்தோ, மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி பெருக வழிவிடுகிறது. வளர்ப்பவருக்கும் அது பரவக்கூடும். கருத்தடை முடிந்து வீடு திரும்பும் விலங்குக்கு வலிநிவாரணியும் காயத்தை நக்கவிடாத கழுத்துக் கூம்பும் கொடுங்கள். ஆன்டிபயாடிக் சீட்டு வேண்டாம்.