கிரெடிட்டுக்கு வங்கி உண்டு, உதவித்தொகைக்கு?

பட்டப்படிப்பை இடையில் நிறுத்திய மாணவர் மீண்டும் வந்து தொடரலாம் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறியது. முதலாண்டு முடிவில் வெளியேறுவோருக்குச் சான்றிதழ், இரண்டாமாண்டு முடிவில் டிப்ளமோ, மூன்றாமாண்டு முடிவில் பட்டம். அதுவரை ஈட்டிய கிரெடிட்டுகளைச் சேமித்துவைக்க 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு கிரெடிட் வங்கியையே அமைத்தது. அதில் இட்டவை அதிகபட்சம் ஏழாண்டுகள் வரை செல்லுபடியாகும். மாணவரின் வாழ்க்கை எப்போதும் நேர்கோட்டில் செல்வதில்லை என்ற உண்மையை உயர்கல்வித் துறை எழுத்திலேயே ஏற்றுக்கொண்டது.

அதே மாணவருக்கு அரசு வழங்கும் கல்வி உதவித்தொகையோ இன்றும் நேர்கோட்டை மட்டுமே அறிந்திருக்கிறது. இந்த முரண் வசதியுள்ள மாணவரைத் தீண்டுவதில்லை. உதவித்தொகையை நம்பிக் கல்லூரிக்குள் வந்தவரே அதன் முழுச் சுமையையும் தாங்குகிறார்.

கல்லூரி மாணவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தம் வாரியத்தின் 80ஆவது சதமானத்திற்கு மேல் இடம்பெற்ற, குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத மாணவர்களுக்கு இது உரியது. இளநிலைப் படிப்பின் முதல் மூன்றாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 12,000 ரூபாய், அதாவது மாதம் ஆயிரம் ரூபாய். அடுத்த ஆண்டும் இதனைப் பெற, தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும். தனித்தனியே பார்த்தால் இவை கடுமையான நிபந்தனைகள் அல்ல. ஆனால் மாதம் ஆயிரம் ரூபாயில் எந்த நகரத்திலும் விடுதிக் கட்டணம் செலுத்த இயலாது. அந்தத் தொகையும் பல வேளைகளில் கல்வியாண்டின் பிற்பகுதியிலேதான் கணக்கில் வந்து சேர்கிறது. இடைப்பட்ட மாதங்களில் மாணவர் வேலைக்குச் செல்கிறார், வருகை குறைகிறது, மதிப்பெண் சரிகிறது, உதவித்தொகை நிற்கிறது. பணப்பற்றாக்குறை விளைவித்த தேக்கத்தையே காரணமாகக் காட்டிப் பணத்தை நிறுத்தும் ஏற்பாட்டைத் தகுதிச் சோதனை என்று சொல்வது பொருந்தாது.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இன்னும் பழமையானது. 1944இல் அது தொடங்கியபோது அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தார். அத்திட்டத்திற்கு 2010இல் வகுக்கப்பட்ட வழிகாட்டு நெறிகள் மூன்று செய்திகளைக் கூறின. மாநில அரசின் முன் அனுமதியின்றிப் பாடத்தையோ கல்வி நிறுவனத்தையோ மாற்றினால் உதவித்தொகை ரத்தாகலாம். ஆண்டின் நடுவில் படிப்பைக் கைவிட்டால், பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்த நேரலாம். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகள் அடங்கிய முதல் தொகுதி மாணவர் முதல்முறை தேர்வில் தோற்றால் மட்டும் உதவித்தொகை புதுப்பிக்கப்படலாம். ஒருமுறை தவறுவது இயல்பு என்பது விதி எழுதியோருக்குத் தெரிந்தே இருந்தது. வரலாறோ பொருளியலோ பயிலும் மாணவருக்கு அந்தச் சலுகை ஏன் மறுக்கப்பட்டது என்பதற்கு அவ்விதிகளில் விளக்கம் இல்லை.

அம்பேத்கரின் கல்விப் பயணமே இதற்கு ஒரு பாடம். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையில் 1913இல் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1916இல் லண்டனில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் ஆய்வை நிறுத்திவிட்டு நாடு திரும்ப வேண்டியதாயிற்று. நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் அனுமதி தந்திருந்தது. பம்பாயில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேமித்த பணமும் கோலாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவியும் நண்பரிடம் பெற்ற கடனும் கொண்டு 1920இல் அவர் மீண்டும் லண்டன் சென்றார். 1923இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். பல்கலைக்கழகம் இடத்தைக் காத்து வைத்தது. பணத்தை அவரே திரட்ட வேண்டியிருந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து இந்திய அரசு செய்திருப்பதும் அதுவே: கிரெடிட்டைக் காத்து வைக்கிறது, பணத்தை மாணவரின் பொறுப்பில் விடுகிறது. ஆனால் எல்லா மாணவர்க்கும் ஒரு ஷாகு மகாராஜா வாய்ப்பதில்லை.

பொதுப்பணம் பொறுப்புடன் செலவிடப்பட வேண்டும், படிக்காதவருக்கு ஏன் தர வேண்டும் என்று கேட்கப்படலாம். கேள்வி நியாயமானது. நிபந்தனைகளே வேண்டாம் என்பது இங்கு வாதமன்று. படிக்க மறுப்பவரையும் படிப்பு தடைப்பட்டவரையும் வேறுபடுத்தத் தெரியாத நிபந்தனை, பணத்தையும் காப்பதில்லை. இரண்டாண்டுகள் உதவிபெற்ற மாணவர் மூன்றாமாண்டில் வெளியேறினால், அந்த இரண்டாண்டுச் செலவும் பட்டமாகக் கனியாமல் போகிறது.

வேறுபடுத்திப் பார்க்கும் விதிகள் இந்நாட்டிலேயே உள்ளன. மாதம் 37,000 ரூபாய் பெறும் இளநிலை ஆய்வாளரின் பணி இரண்டாண்டு முடிவில் நிறைவளிக்கவில்லை எனில், மானியக் குழுவின் நெறிகள் அவருக்குத் திருத்திக்கொள்ள மேலும் ஓராண்டு தருகின்றன. முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ளும் பெண்களுக்கு 240 நாட்கள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. வாழ்க்கையின் இடைவெளிகளை ஆய்வு நிலையில் புரிந்துகொள்ளும் அதே அமைப்பு, பதினெட்டு வயதில் முதன்முறையாக வீட்டைவிட்டு வெளியே வந்து தடுமாறும் மாணவரிடம் மட்டும் ஏன் இறுக்கம் காட்டுகிறது? 37,000 ரூபாய்க்கு இரண்டாம் வாய்ப்பு உண்டு. ஆயிரம் ரூபாய்க்கு இல்லை.

தீர்வு பெருஞ்செலவு கோருவதன்று. உதவித்தொகையைத் தொடர் ஆண்டுகளாக எண்ணாமல் மாதங்களாக எண்ணலாம். முப்பத்தாறு மாத உதவி என்றால், கிரெடிட்டைப் போலவே ஏழாண்டுகளுக்குள் அதனைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை தரலாம். மதிப்பெண்ணோ வருகையோ குறையும் முதல் முறை எச்சரித்து ஒரு பருவம் அவகாசம் அளிக்கலாம். தொகை தாமதமான மாதங்களின் வருகைக் குறைவை மாணவர் மீது சுமத்தாதிருக்கலாம். பாடம் மாற்றினாலோ நிறுவனம் மாறினாலோ உதவித்தொகைக்கு என்ன நேரும் என்பதைச் சேர்க்கையின்போதே மாணவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தருவதைக் கல்லூரிகளின் கடமையாக்கலாம்.

ஆங்கிலம் படிப்பை விட்டவரை வெளியே விழுந்தவர் என்கிறது. தமிழ் அவரை இடைநின்றவர் என்கிறது. விழுந்தவர் கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறார். இடையில் நின்றவரோ பாதையிலேயே இருக்கிறார், மீண்டும் நடக்கக்கூடியவர். அவர் திரும்பி வரும்போது அவருடைய கிரெடிட்டுகள் காத்திருக்கும் என்று அரசு உறுதி கூறுகிறது. உதவித்தொகையும் அவருக்காகக் காத்திருக்க வேண்டும்.