கழுகுக்கு வந்த ரோமிங் பில்

2019 அக்டோபரில் ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு செய்தியைப் படித்து உலகமே சிரித்தது. கழுகுகள் ரோமிங்கில் போய் ஆராய்ச்சியாளர்களின் பணத்தைக் காலி செய்துவிட்டனவாம்! சிரித்தவர்களில் எத்தனை பேர் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்? அந்தப் பில்லுக்கு உண்மையில் யார் பொறுப்பு?

நடந்தது இதுதான். ஸ்டெப்பி கழுகு அழிந்துவரும் இனம். கோடையில் தெற்கு சைபீரியாவிலும் கசகஸ்தானிலும் கூடு கட்டி, குளிர்காலத்தில் தெற்கே பறந்துவிடும். அது எந்த வழியாகப் போகிறது, எங்கே ஆபத்தில் சிக்குகிறது என்று தெரிந்தால்தான் காப்பாற்ற முடியும். அதற்காக ஆராய்ச்சியாளர்கள் சிம் அட்டை பொருத்திய சிறு கருவிகளைக் கழுகுகளின் மேல் கட்டிவிட்டார்கள். கருவி தான் இருக்கும் இடத்தைக் குறித்துக் குறுஞ்செய்தியாக அனுப்பும். சிக்னல் இல்லாத இடத்தில் சேமித்து வைத்துக்கொண்டு, கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும்.

'மின்' என்று பெயரிடப்பட்ட கழுகு கோடையைக் கசகஸ்தானில் சிக்னல் எட்டாத பகுதியில் கழித்துவிட்டு ஈரானுக்குள் பறந்தது. கசகஸ்தானிலிருந்து அனுப்பியிருந்தால் ஒரு செய்திக்குச் சுமார் 15 ரூபிள். ஈரானிலிருந்து 49 ரூபிள். சேர்ந்து கிடந்த கோடைக்காலச் செய்திகள் எல்லாம் ஈரான் விலையில் வந்து விழுந்தன. ஆராய்ச்சியாளர்கள் பொதுமக்களிடம் கையேந்த, 1 லட்சம் ரூபிளுக்கு மேல் சேர்ந்தது. பிறகு மெகாஃபோன் நிறுவனம் கடனைத் தள்ளுபடி செய்து சலுகைக் கட்டணமும் தர முன்வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

எதற்குக் கைதட்டல்? கேட்டவுடன் தள்ளுபடி செய்ய முடிகிற தொகை என்றால், அது முதலில் ஏன் பில்லில் ஏறியது? குறுஞ்செய்தி என்பது 140 பைட். எல்லையைத் தாண்டியதும் அதன் எடை மூன்று மடங்கு ஆகிவிடுவதில்லை. ஏறுவது அயல்நாட்டு நிறுவனம் கேட்கும் மொத்த விலையும், அதன்மேல் உள்நாட்டு நிறுவனம் வைக்கும் லாபமும்தான்.

இன்னொரு கதை, போலந்தில் நடந்தது. 2017-ல் அங்குள்ள ஒரு சூழலியல் அமைப்பு ஒரு செங்கால் நாரைக்கு இதேபோல் கருவி கட்டியது. நாரை சூடானை அடைந்தபின் தொடர்பு அறுந்தது. யாரோ அந்தச் சிம்மைக் கழற்றித் தன் செல்பேசியில் போட்டு 20 மணி நேரம் பேசித் தீர்த்துவிட்டார். 2018-ல் அமைப்புக்கு வந்த பில் 10,000 ஸ்லாட்டிக்கும் மேல்!

"ஆராய்ச்சியாளர்கள் கவனமாக இருந்திருக்க வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். செய்திருக்கக் கூடியவை உண்டு:

1. ஒவ்வொரு நாட்டு நெட்வொர்க்கும் தன் குறியீட்டைச் சொல்லிவிடும். ரஷ்யா 250, கசகஸ்தான் 401, ஈரான் 432. விலை அதிகமான நாட்டின் குறியீடு வந்தால் குறைவாக அனுப்பு என்று கருவிக்கே சொல்லி வைக்கலாம்.

2. இடத்துக்கு 8 பைட், நேரத்துக்கு 4 பைட் என்று கணக்கிட்டால், ஒரே குறுஞ்செய்தியில் 11 இடங்களை அடக்கலாம்.

3. கருவியின் ஐஎம்இஐ எண்ணோடு சிம்மைப் பூட்டலாம். குரல் அழைப்பை நிறுத்தி வைக்கலாம். கழற்ற முடியாதபடி பலகையிலேயே பற்றவைக்கும் சிம்மும் உண்டு.

ஆனால் இவையெல்லாம் விஷயம் தெரிந்தவருக்கு. பறவையைப் படித்தவர் தொலைத்தொடர்பையும் கரைத்துக் குடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

மனிதர்களுக்கு இந்தப் பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறது. எல்லை தாண்டினால் கட்டணம் சொல்லும் செய்தி வரும். படித்துவிட்டு அணைத்து வைக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல், வாடிக்கையாளர் வேறு வரம்பு கேட்காவிட்டால் ரோமிங் இணையச் செலவு 50 யூரோவைத் தொட்டதும் இணைப்பு தானாக நிற்க வேண்டும். கழுகு என்ன செய்யும்? வரவேற்புச் செய்தியைப் படித்துவிட்டுத் திரும்பிப் பறக்குமா?

படிக்கக் கண் இல்லாத கருவிக்குத்தான் உச்சவரம்பு முதலில் தேவை. குறுஞ்செய்தி, அழைப்பு, இணையம் மூன்றுக்கும் சேர்த்து. அதைக் கேட்டு வாங்கும் வசதியாக வைக்கக் கூடாது. கேட்காமலே இருக்க வேண்டும். வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுத்து நீக்கிக்கொள்ளட்டும். இன்று நாடு நாடாகப் போகும் சரக்குப் பெட்டியிலும் லாரியிலும் சிம் இருக்கிறது. அவற்றின் பில்லைப் பார்த்து யாரும் சிரிக்கப் போவதில்லை, உண்டியல் குலுக்கப் போவதுமில்லை.

மெகாஃபோன் காட்டியது கருணை. கருணை செய்தியில் வரும் கழுகுக்குத்தான் கிடைக்கும். செய்தியில் வராத கருவிக்கு வேண்டியது விதி.