கரை யாருக்கு உரியது?
பாசிக்குடாவும் உல்லாசப் பயணத் தொழிலும்

ஈழத்தின் கீழ்க்கரையிலே, மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில், கல்குடா, பாசிக்குடா என்னும் இரு குடாக்கள் அருகருகே அமைந்துள்ளன. பாசிக்குடாவின் சிறப்பு அதன் ஆழமின்மையாகும். கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவிலேயே நிற்கும். வெளியே கிடக்கும் பவளப் பாறைகள் அலையின் வேகத்தைத் தணித்து விடுகின்றன. இத்தகைய கொடை பெற்ற ஊர் செல்வத்திற் கொழிக்க வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். ஆயினும் அரை நூற்றாண்டுக்கு மேலாக இக்கரையில் நிகழ்ந்தவற்றை நோக்குமிடத்து, வளம் வந்ததும் போனதுமாக இருந்ததேயன்றி, ஊரிலே தங்கியதாகத் தெரியவில்லை. அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் உல்லாசப் பயணத் தொழில் ஓர் அரச முயற்சியாக உருப்பெற்றது 1966ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டிலேதான் உல்லாசப் பயணச் சபை சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. அவ்வாண்டு இந்நாட்டுக்கு வந்த பயணிகள் 18,969 பேர் மட்டுமே. அடுத்து வகுக்கப்பட்ட பத்தாண்டுத் திட்டத்தில் கிழக்குக் கரையும் ஒரு வலயமாக இடம்பெற்றது. அதற்குத் தக்க காரணமும் இருந்தது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் பெந்தோட்டை, ஹிக்கடுவை முதலிய தென்மேற்குக் கடற்கரைகள் கொந்தளிக்கும். அதே மாதங்களில் கீழ்க்கரை அமைதியாக இருக்கும். ஆகவே இரு கரைகளையும் வளர்த்தால் ஆண்டு முழுவதும் பயணிகளை வரவேற்கலாம் என்று கணக்கிட்டனர். 1970களில் பாசிக்குடாவிலும் ஹோட்டல்கள் எழுந்தன. 1982இல் நாட்டுக்கு வந்த பயணிகளின் தொகை 4 இலட்சத்து 7 ஆயிரத்தை எட்டியது.

வீழ்ச்சியின் வரலாறு

எனினும் கீழ்க்கரையின் வாழ்வு அக்கணக்கின்படி அமையவில்லை. 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சின்னாபின்னமாக்கியது. தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. அதிலிருந்து தேறிவரும் வேளையிலே 1983ஆம் ஆண்டின் கலவரமும், அதன்பின் நீண்ட போரும் வந்தன. பாசிக்குடாவின் ஹோட்டல்கள் பாழடைந்த சுவர்களாயின. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எஞ்சியதையும் வாரிச் சென்றது. 2009இல் போர் முடிந்தபின் மீண்டும் கட்டடங்கள் எழுந்தன. 2011 முதல் புதிய ஹோட்டல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. 2018இல் 23 இலட்சத்து 33 ஆயிரம் பயணிகள் இந்நாட்டுக்கு வந்தனர். மறு ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்கள் மட்டக்களப்பிலும் உயிர்களைக் குடித்தன. அதனையடுத்துக் கொவிட் நோய் பரவியது. 2021இல் வந்தோர் 1 இலட்சத்து 94 ஆயிரம் பேரே. 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளுக்கே மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். பின்னரே தொழில் மெல்ல நிமிர்ந்து, 2024இல் 20 இலட்சத்தைக் கடந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. ஒவ்வொரு வீழ்ச்சியின்போதும் முதலிற் புறப்பட்டவர் பயணி. அடுத்து, முதலீடு நின்றது. எங்கும் போக இயலாது அக்கரையையே பற்றி நின்றவர் கடற்றொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினருமே. அங்ஙனமிருந்தும், ஒவ்வொரு முறையும் புதிய திட்டம் வகுக்கப்படுகையில் கணக்கில் முதலிடம் பெறுபவர் வரப்போகும் பயணியாகவும், கடைசியிடம் பெறுபவர் ஏற்கெனவே இருப்பவராகவும் அமைகின்றனர். கரை வளம் நிலையாமைக்கு இதுவே மூலகாரணம் என்பது நமது துணிபு.

வாடியும் வேலியும்

கரை என்பது கடற்றொழிலாளருக்குக் காட்சிப் பொருளன்று. அது அவரது தொழிற்களம். தோணியை ஏற்றி வைக்க இடம் வேண்டும். கரைவலை இழுக்க நீண்ட மணற்பரப்பு வேண்டும். வலை உலர்த்தவும் மீன் காயவைக்கவும் வாடி அமைக்கவும் நிலம் வேண்டும். இவற்றுக்கு உறுதிப்பத்திரம் எழுதி வைக்கும் வழக்கம் நம்மவரிடையே இருந்ததில்லை. பாட்டன் தோணி ஏற்றிய இடத்திலே பேரனும் ஏற்றுவான், அதுவே உரிமை. ஆனால் அளவைக் கல்லும் வரைபடமும் வரும்போது, எழுதப்படாத உரிமை இல்லாத உரிமையாகிவிடுகிறது. பாசிக்குடாவில் ஹோட்டல்கள் நிரை நிரையாக எழுந்தபின், தோணிகளுக்கு எஞ்சிய இடம் குறுகியது என்னும் மனக்குறை அங்குள்ள தொழிலாளரிடையே எழுந்தமை இதனாலேதான்.

ஆழிப்பேரலைக்குப் பின் நிகழ்ந்ததை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். கடலோரத்தில் வீடு கட்டலாகாது என அரசு ஒரு தடைவலயம் விதித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றராக இருந்த அவ்வலயம், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றராக இருந்தது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது உண்மை. ஆயினும் குடிசைக்கு ஆபத்தானது எனக் கூறப்பட்ட கரையோரம், சில ஆண்டுகளிலேயே விருந்தினர் மாளிகைகளுக்கு உகந்ததாயிற்றே என்று ஏழை மக்கள் வினவினால், அதற்கு மறுமொழி கூறுவது எளிதன்று. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயமெனக் கொள்கிறது. அவ்வலயம் நாட்டின் பொதுச் சொத்தாகக் கருதிக் காக்கப்பட வேண்டியது. காவற்காரன் ஊராரை வழிமறிக்கும் கரை பொதுக்கரை ஆகுமா?

வைக்கோல் தந்த பாடம்

வேலை கிடைக்கிறதே, அது போதாதா எனச் சிலர் கேட்கலாம். வேலை கிடைப்பது நன்றே. ஆனால் ஒரு தொழில் ஊரிலே வேரூன்ற வேண்டுமாயின், அது ஊரின் விளைவை உண்ண வேண்டும். இதற்கு உதாரணம் தேடி அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. பாசிக்குடாவுக்கு அருகிலுள்ள வாழைச்சேனையிலேயே ஒன்றுண்டு. 1950களில் அங்கே நிறுவப்பட்ட காகித ஆலை, மூலப்பொருளாக வைக்கோலைப் பயன்படுத்தியது. வயலில் எரிந்து போகும் வைக்கோலுக்கு விலை கிடைத்தது. வண்டிக்காரனுக்குக் கூலி கிடைத்தது. ஊர் இளைஞர் இயந்திரம் இயக்கக் கற்றனர். போர்க்காலத்தில் அவ்வாலை நலிந்து, பின்னர் நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது வேறு கதை. ஆனால் அது நடந்த காலத்தில், உழவனும் ஆலையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாக இருந்தனர்.

ஹோட்டலுக்கும் அத்தகைய சங்கிலி அமையக்கூடாதா? மட்டக்களப்பின் எருமைத் தயிரும் அரிசியும் வாவி இறாலும் நாடறிந்தவை. விருந்தினரின் தட்டில் அவை இடம்பெறாது, கொழும்பிலிருந்து வரும் பொதிகளே இடம்பெறுமாயின், ஊருக்கு எஞ்சுவது கழிவுநீரும் காவற்கூலியுமே. ஹோட்டல் நடத்துவோர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. நாள்தோறும் ஒரே தரத்தில், ஒரே அளவில் பொருள் கிடைக்க வேண்டும் என்கின்றனர். தனித் தோணிக்காரன் அதற்கு உறுதி கூற இயலாது. கூட்டுறவுச் சங்கம் கூறலாம். குளிரறையும் எடை நிலையமும் அமைத்துச் சங்கத்துக்கும் ஹோட்டலுக்கும் இடையே ஒப்பந்தம் செய்து வைப்பது அரசின் கடமையாகும்.

பருவத்தைப் பற்றியும் ஒரு சொல். கச்சான் வீசும் மாதங்களே கீழ்க்கரையில் பயணிகளின் காலம். மீன்பிடிக்கு உகந்த அமைதிக் காலமும் அதுவே. வாடை தொடங்கிக் கடல் சீறுகையில் தோணியும் கரையேறும், ஹோட்டல் அறைகளும் வெறுமையாகும். ஆகவே கடல் தராத மாதங்களில் உல்லாசப் பயணத் தொழில் கைகொடுக்கும் என்பது கீழ்க்கரையைப் பொறுத்தவரை பெரும்பாலும் பொய்க்கணக்கு. இரு தொழில்களும் ஒரே கரைக்கு, ஒரே மாதங்களிற் போட்டியிடுகின்றன. மீன்பிடியைக் கைவிட்டு வருமாறு தொழிலாளரை அழைப்பது, வாடைக்காலப் பட்டினிக்கு மருந்தாகாது.

ஆழமற்ற கடலின் ஆபத்து

இன்னோர் எச்சரிக்கையும் தேவை. ஆழமற்ற குடாவிலே கழிவு சேர்ந்தால் அது எளிதிற் கலைந்து போகாது. இவ்வகையில் பிலிப்பைன்ஸ் நாட்டின் பொராக்காய் என்னும் சிறு தீவு பட்ட பாடு நமக்கும் பாடமாகும். வெண்மணற் கரையால் உலகப் புகழ் பெற்ற அத்தீவுக்கு 2017இல் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சென்றனர். கழிவுநீர் கடலிற் கலந்தது. 2018 ஏப்ரல் 26ஆம் நாள் அந்நாட்டு அரசு தீவை ஆறு மாதங்களுக்கு மூடியது. ஒக்டோபரிலே திறந்தபோது நாளொன்றுக்கு வரக்கூடிய பயணிகள் 6,405 பேர் என வரையறுத்தது. மூடிய ஆறு மாதமும் முதலிற் கூலியிழந்தவர் அங்கே உழைத்த எளிய மக்களே. எத்தனை பேரைத் தாங்கும் என்ற கணக்கைத் தீவு கெட்டபின் போட்டதன் விலை அது. பாசிக்குடா அக்கணக்கை முன்கூட்டியே போடலாம்.

செய்யத்தக்கன எவை? தோணித்துறைகளையும் கரைவலைப் பாடுகளையும் அளந்து, வரைபடத்திற் குறித்து, சங்கங்களின் பெயரிற் சட்டப்படி பதிதல் வேண்டும். இரு ஹோட்டல்களுக்கு இடையே கடலுக்குச் செல்லும் பொதுவழி திறந்திருத்தல் வேண்டும். வருவாயில் ஒரு பங்கு பிரதேச சபையின் கைக்கு வந்து, குடிநீருக்கும் வடிகாலுக்கும் செலவாதல் வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் அப்பகுதியில், இரு சாரார் இளைஞருக்கும் தொழிற்பயிற்சி கிட்டுதல் வேண்டும். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு கோருவதன்று; கரையில் வாழ்வோரை மனிதராக எண்ணும் மனமே வேண்டப்படுவது.

மீண்டுமொரு சூறாவளி வராதென்றோ, மீண்டுமொரு நெருக்கடி நேராதென்றோ எவரும் உறுதி கூற முடியாது. வரும் நாளில் விமானங்கள் பயணிகளை ஏற்றிக்கொண்டு சென்றுவிடும். அன்று தோணி தள்ள மணல் எஞ்சியிருக்குமா என்பதை இன்று வகுக்கும் வரைபடமே தீர்மானிக்கும்.