எச்சரிக்கை பெற்ற உரிமையாளர்



புதிய கார் வாங்கியதும் அதை ஆலய வளாகத்திற்குக் கொண்டுவந்து நிறுத்தி ஜெபிக்கச் சொல்லுகிறீர்கள். நானும் மகிழ்ச்சியோடு ஜெபிக்கிறேன். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்படாத அந்த வண்டிக்கு மாலை உண்டு, இனிப்பு உண்டு, புகைப்படம் உண்டு. ஆனால் இத்தனை ஆண்டு ஊழியத்தில் ஒருவராவது என்னிடம் வந்து, "ஐயா, வண்டி ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, வந்து ஜெபித்துவிட்டுப் போங்கள்" என்று அழைத்ததில்லை. ஜெபம் அதிகமாகத் தேவைப்படுவது அந்த வண்டிக்குத்தான். ஜெபத்தோடுகூட ஒரு ஸ்பேனரும் தேவைப்படும்.

இவ்வாரம் இதைக் குறித்து எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. அது என் சொந்தக் குற்றம். முதலில் அதை அறிக்கையிட்டுவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, நம் சபையின் வயதான தாயார் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தேன். அவருடைய மகளும் பேரனும் பின்னிருக்கையில் இருந்தார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் எப்போதும்போல இருபுறமும் கன்டெய்னர் டிரெய்லர்கள். டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டின் ஓரங்களிலிருந்து ஆவி எழும்பிற்று. வண்டி நடுச்சாலையில் நின்றுபோயிற்று. பின்னால் வந்த டிரெய்லரின் ஓட்டுநர் எங்களைக் கண்டு, தம் வண்டியைச் சற்றுக் குறுக்காக நிறுத்தி, விளக்குகளை எரியவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தை அசைத்துக்கொண்டு பின்னால் போய் நின்றார். அவருடைய டிரெய்லர்தான் அன்றிரவு எங்களுக்கு மதிலாக இருந்தது. தாயாரை வேறொரு வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு, அவர் பானெட்டைத் திறந்து பார்த்தார். ரேடியேட்டர் மூடியைச் சுற்றிப் படிந்திருந்த துருநிறக் கறையில் வெளிச்சத்தைக் காட்டி, "எத்தனை நாளா வெறும் தண்ணி ஊத்தி ஓட்டறீங்க சார்?" என்று கேட்டார்.

மூன்று வாரமாக. ரேடியேட்டர் குழாயில் கசிவு இருப்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு காலையும் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஒரு பாட்டில் ஊற்றிவிட்டு, பாதுகாப்பான பயணத்திற்காக ஜெபித்து, புறப்பட்டுவிடுவேன். அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த வசன ஸ்டிக்கரை அவர் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில் வரும் மாட்டைக் குறித்த பிரமாணத்தை நான் உண்மையாகவே வாசித்தேன் எனலாம். ஒருவனுடைய மாடு திடீரென்று ஒரு மனிதனை முட்டிக் கொன்றுவிட்டால், மாட்டுக்காரன்மேல் குற்றமில்லை. ஆனால் அந்த மாடு முட்டுகிற மாடு என்பது முன்னமே தெரிந்திருந்து, உரிமையாளனுக்கு அது எச்சரிக்கையாகச் சொல்லப்பட்டும் அவன் அதைக் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், வழக்கு வேறு, குற்றம் அவனுடையது. மோசேயின் காலத்தில் அந்த எச்சரிக்கையை அண்டை வீட்டார் சொன்னார்கள். இன்று டேஷ்போர்டு சொல்லுகிறது. மஞ்சள் விளக்கு, பிரேக்கை மிதிக்கையில் எழும் கீச்சொலி, காலையில் வண்டியின் கீழே காணப்படும் எண்ணெய்த் துளி, இவையெல்லாம் உரிமையாளருக்கு அறிவிக்கப்பட்ட எச்சரிக்கைகளே.

நம் பகுதியில் இது எவருக்கோ நடக்கும் காரியம் அல்ல. நம் தகப்பன்மார் துறைமுகத்திற்கும், எண்ணூர் அசோக் லேலண்டுக்கும், திருவொற்றியூர் என்ஃபீல்டுக்கும் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். உங்களில் பலருக்கு இன்று வேலை ஸ்ரீபெரும்புதூரில், ஒரகடத்தில், சிறுசேரியில். திருவொற்றியூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு வழியே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். நாள் ஒன்றுக்கு 110 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 33,000 கிலோமீட்டர் ஆகிறது. மூன்றே ஆண்டில் ஏறக்குறைய ஒரு லட்சத்தைத் தொட்டுவிடும்.

இங்கேதான் நம்மவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். "வருஷத்துக்கு ஒரு சர்வீஸ் தவறாமல் விட்டுவிடுகிறேன் ஐயா" என்று நிம்மதியாகச் சொல்லுகிறார்கள். 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது என்பதே பல கார்களின் கையேட்டில் உள்ள கணக்கு. உங்களுக்கு 10,000 கிலோமீட்டர் நான்கு மாதத்திற்குள் முடிந்துவிடுகிறது! மேலும், தூசியிலும் நெரிசலிலும் ஓடும் வண்டிக்கு எண்ணெயையும் ஃபில்டரையும் இன்னும் முன்னதாகவே மாற்றவேண்டும் என்று கையேடுகளில் தனியாக எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தை எழுதியவர் மணலிச் சாலையைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நிலக்கரித் தூசி, லாரிகள் கிளப்பும் மண், துறைமுக வாசலை நோக்கி ஊர்ந்து செல்லும் வரிசை எல்லாம் நமக்கு உண்டு. ஆகவே ஆண்டுக் கணக்கை விட்டுவிட்டு ஓடோமீட்டர் கணக்கிற்கு வாருங்கள். ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைக் காரிலேயே வையுங்கள். தேதி, கிலோமீட்டர், போட்ட பெட்ரோல், மாற்றிய பொருள், இவ்வளவு போதும். மைலேஜ் மெல்லக் குறைவதையும், எண்ணெய் வழக்கத்தைவிட விரைவாகத் தீர்வதையும் அந்த நோட்டு உங்களுக்கு மாதங்களுக்கு முன்பே சொல்லிவிடும்.

அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்று ஓர் அறிவியல் ஆசிரியர் இருந்தார். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் வாழ்ந்தவர். 1966-இல் ஒரு வால்வோ கார் வாங்கினார். பள்ளிக்குப் போய்வர நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓட்டினார். 2013-இல் அந்த ஒரே கார் முப்பது லட்சம் மைலைத் தொட்டது. அதாவது 48 லட்சம் கிலோமீட்டர். கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. 2018-இல் அவர் மறையும் வரை அந்தக் கார் அவரிடமே இருந்தது. அவர் பந்தய வீரரோ பொறியாளரோ அல்லர். கையேட்டில் எழுதியிருந்ததை எழுதியபடியே செய்தார், எண்ணெயை நாள் தவறாமல் மாற்றினார். நமக்கு இவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. எனக்கு முதலாவதாக.

கூலன்ட் விஷயத்தை நான் சொன்னால் நீங்கள் நம்பலாம். விலை கொடுத்துக் கற்றவன். நம் பகுதியின் நிலத்தடி நீரில் உப்பு அதிகம். அது ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களில் படிந்து அடைக்கும், உலோகத்தை அரிக்கும். நிறுவனம் குறிப்பிட்ட கூலன்டையே பயன்படுத்துங்கள். அளவு குறைந்தால் ஊற்றுவதோடு நிறுத்தாமல், அது எங்கே போயிற்று என்று தேடுங்கள். முள் ஏறினால் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கவே வேண்டாம். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டியதில்தான் என் வண்டியின் ஹெட் கேஸ்கெட் போயிற்று.

பலருக்குத் தெரியாத இன்னொன்று டைமிங் பெல்ட். உங்கள் காரில் இருப்பது ரப்பர் பெல்ட்டா, இரும்புச் செயினா என்று மெக்கானிக்கிடம் கேட்டறியுங்கள். பெல்ட் என்றால் கையேட்டில் அதற்கென ஒரு கிலோமீட்டர் எல்லை இருக்கும். அது அறுவதற்குமுன் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அறுந்தால், பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். பழைய கார் வாங்கியவர்கள், முந்தைய உரிமையாளர் மாற்றியிருப்பார் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். இதில் விசுவாசம் காட்டவேண்டிய அவசியம் இல்லை.

கடலோரத்தில் வாழ்வதால் நமக்கு இன்னொரு சத்துருவும் உண்டு. காசிமேட்டிலும் எண்ணூரிலும் வீசும் உப்புக் காற்று காரின் மேற்பூச்சைவிட அடிப்பாகத்தையே அதிகம் தின்கிறது. ஞாயிறுதோறும் பளபளவென்று துடைத்த கார்கள் ஆலயத்திற்கு வருகின்றன. அவற்றின் அடியில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மாதம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். பிரேக் காலிப்பர் பின்கள் துருப்பிடித்து இறுகினால், ஒரு சக்கரம் பிடிக்கும், மற்றொன்று பிடிக்காது. மழைநாளில் டிரெய்லருக்குப் பின்னால் அப்படி ஒரு பிரேக்கை மிதித்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. அளவு சரியாக இருந்தாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் மலிவாகக் கிடைக்கும். கதவுக் கண்ணாடியும் விளக்குக் கூடும் அங்கே வாங்குங்கள், நானும் வாங்கியிருக்கிறேன். பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் சார்ந்த எதையும் பழையதாக வாங்காதீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை வந்ததை நாம் கண்டோம். எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன! தண்ணீர் புகுந்த காரை ஒருபோதும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். காற்றைப்போல் தண்ணீர் அமுங்காது; உள்ளே போயிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கம்பியே வளைந்துவிடும். இத்தகைய எஞ்சின் சேதத்திற்குத் தனியாகப் பாதுகாப்பு எடுக்காவிட்டால் பல காப்பீடுகள் பணம் தருவதில்லை. மழைக்காலத்திற்குமுன் உங்கள் பாலிசியை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

"இவ்வளவு தொல்லை எதற்கு ஐயா, இதைக் கொடுத்துவிட்டுக் கடனில் புதியது எடுத்துவிடலாமே" என்று சிலர் கேட்பீர்கள். என் கருத்தை ஒளிக்காமல் சொல்லுகிறேன்: பலருக்கு அது தேவையற்ற கடன். ஏழாண்டுத் தவணையின் பாரத்தைச் சுமந்து, சர்வீஸுக்குப் பணமில்லாமல் புதிய காரையும் பராமரிக்காமல் ஓட்டுகிற குடும்பங்களை நான் அறிவேன். தவணையில் கால் பங்கை மாதந்தோறும் ஒதுக்கிவைத்தாலே பழைய வண்டிகள் பலவற்றை நன்றாகக் காக்க முடியும். ஆனால் அடிச்சட்டமே துருவால் பொத்தலாகிவிட்டதென்று மெக்கானிக் சொன்னால், அதன்மேல் பாசம் வைக்காமல் விட்டுவிடுங்கள். அதை மறைத்து இன்னொருவருக்கு விற்கவும் வேண்டாம். முட்டுகிற மாட்டை விலைக்குக் கொடுத்தவனுக்கும் பொறுப்பு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

மெக்கானிக்கைக் குறித்தும் ஒரு வார்த்தை. அவர் ஒரு பாகம் தேய்ந்துவிட்டது என்று சொன்னவுடன் ஏமாற்றுகிறார் என்று முடிவுசெய்யாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் தரச் சொல்லுங்கள். நேர்மையானவர் மகிழ்ச்சியோடு தருவார். ஒருவரையே நம்பித் தொடர்ந்து போங்கள். ஹோட்டலில் பேரம் பேசாத நாம், எண்ணெய்க் கையோடு நிற்பவரிடம் ஐம்பது ரூபாய்க்காக வாதாடுவது எனக்கு வெட்கமாயிருக்கிறது.

உங்கள் காரில் பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொண்டு உடன்வரும் மூன்று பேரை நினையுங்கள். காலை ஐந்தரைக்கு ஏறியதும் அவர்கள் கண்ணயர்ந்துவிடுகிறார்கள். உங்கள் டயரின் தேய்மானம் அவர்களுக்குத் தெரியாது. அவர்களுடைய பிள்ளைகளுக்கும் தெரியாது. எச்சரிக்கை உங்களுக்கு மட்டுமே வந்திருக்கிறது. இரவுப் பணி முடிந்து தூக்கக் கண்ணோடு ஓட்டுகிறவர்களும் இதே கணக்கில்தான் வருகிறார்கள். கண் இழுத்தால் வெளிச்சமான பெட்ரோல் பங்கில் நிறுத்தி இருபது நிமிடம் உறங்குங்கள். வீட்டார் காத்திருப்பார்கள்.

வருகிற ஞாயிறு, இரண்டாம் ஆராதனைக்குப் பின், வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் காற்றழுத்தமானியோடு வளாகத்தில் நிற்பார்கள். அழுத்தத்தோடு டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பார்த்துச் சொல்லுவார்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர். ஸ்டெப்னியையும் திறந்து காட்டுங்கள், கூச்சப்படவேண்டாம். டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அழுத்தம் சரியாகத் தெரியும். ஓடிவந்த டயர் ஆற மூன்று மணி நேரமாவது வேண்டுமாம். அன்று பிரசங்கம் சற்று நீளமாக இருந்தால், காரணம் இதுவென்று பொறுத்துக்கொள்ளுங்கள்.