சிறு பட்டறைக்கும் ஒரு முறை வேண்டும்

ஒரு பனியன் நம் உடம்பில் ஏறுமுன் எத்தனை கைகளைக் கடந்து வருகிறது?

துணி பின்னுவது ஓர் இடம். சாயம் ஏற்றுவது வேறு இடம். வெட்டுவது, தைப்பது, காஜா எடுப்பது, பிசிறு வெட்டுவது, இஸ்திரி போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கை. திருப்பூரில் இந்த வேலைகளில் பலவற்றைச் சிறு பட்டறைகள் கூலிக்குச் செய்து கொடுக்கின்றன. பத்துப் பேர், இருபது பேர் உள்ள இடங்கள் அவை.

ஒரு கையில் நேர்ந்த தவறு அடுத்த கைக்குப் போகிறது. கடைசியில் செக்கிங் மேஜையில்தான் தெரிகிறது. அதற்குள் நூறு பீஸ் பாழாகிவிடலாம்!

நஷ்டம் யாருக்கு? கம்பெனி, பட்டறைக்காரரின் பில்லில் பிடிக்கிறது. பட்டறைக்காரர் கூலியில் கை வைக்கிறார். சனிக்கிழமை சம்பளம் குறைகிறது. தாய் மளிகைக்கடையில் கடன் சொல்கிறாள்.

தவறு நேராமல் தடுக்கப் பெரிய ஆலைகளில் பல முறைகள் உண்டு. ஐ.எஸ்.ஓ. 9001 தரச் சான்று, ஜப்பானியரின் கைசன், ஐந்து 'எஸ்' என்று பல பெயர்கள்.

பெயரைக் கேட்டதுமே சிறு பட்டறைக்காரர் மிரளுகிறார். "இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்கிறார்.

அஞ்சறைப் பெட்டி

மிரளத் தேவையில்லை. கைசன் என்றால், சிறிது சிறிதாகச் சீர்படுத்துவது. ஐந்து 'எஸ்' என்றால், வேண்டாததை அகற்று, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, சுத்தம் செய், இதையே முறையாக்கு, முறையை விடாதே. அவ்வளவுதான்.

நம் தாய்மார்களின் அஞ்சறைப் பெட்டியும் இதைத்தானே சொல்கிறது? கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் கடுகு இருக்கும் இடத்தில் கடுகு இருக்கும்.

இதனால் பலன் உண்டா? உண்டு. மும்பை அருகே உள்ள நெசவு ஆலைகளில் 2008-ல் தொடங்கி ஒரு சோதனை நடந்தது. நல்ல நிர்வாகப் பழக்கங்கள் 38 என்று வகுத்து, நிபுணர்கள் கற்றுக் கொடுத்தார்கள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 சதவிகிதம் உயர்ந்தது.

ஆனால் 2017-ல் திரும்பப் போய்ப் பார்த்தபோது, புதிதாக ஏற்ற பழக்கங்களில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. மானேஜர் மாறினார், முதலாளிக்கு நேரமில்லை. நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் ஆலைகளின் கதையே இது!

ஆகவே சிறு பட்டறைக்கு 38 வேண்டாம். நான்கு போதும். அந்த நான்கை விடாமல் செய்யவேண்டும்.

நான்கு காரியங்கள்

ஒன்று: முதல் பீஸைத் தைத்ததும் நிறுத்தி, சாம்பிளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது.

இரண்டு: நூல், ஊசி, கத்தரி எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம்.

மூன்று: ஒரு கரும்பலகை. இன்று எத்தனை பீஸ், எத்தனை டேமேஜ், எந்த வேலையில் என்று எழுதுவது.

நான்கு: வாரம் ஒரு நாள் பத்து நிமிஷம் எல்லோரும் கூடி, "இது ஏன் நேர்ந்தது?" என்று பேசுவது. மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தெரிந்தது, மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. கரும்பலகையைப் பார்த்துக் கூலி பிடிக்கக் கூடாது! பிடித்தால் நாளையிலிருந்து தவறை மறைப்பார்கள். பலகை பொய் சொல்லும்.

கம்பெனிகளுக்கும் கடமை உண்டு. தரம் கேட்பவர்கள் அதற்கு ஏற்ற நேரமும் ரேட்டும் தரவேண்டும். ஆர்டரை வியாழனன்று கொடுத்து, சனியன்று கேட்டால் எந்த முறை நிற்கும்?

அரசின் உதவியும் உண்டு. சிறு தொழில்களுக்கான 'லீன்' திட்டத்தை மத்திய அரசு 2023 மார்ச்சில் புதுப்பித்தது. நிபுணர் உதவிக்கான செலவில் 90 சதவிகிதத்தை அரசு ஏற்கும் என்று அப்போது அறிவித்தது. பட்டறைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போய் விசாரிக்கலாமே!

சான்றிதழைச் சுவரில் மாட்டுவது பிறகு இருக்கட்டும். முதலில் ஒரு கரும்பலகையை மாட்டுங்கள். சனிக்கிழமைக் கூலி குறையாமல் வீடு போய்ச் சேரட்டும்!