வெற்றிடமும் சித்திரமும்

சித்திரம் வரையத் தொடங்கும் மாணவர் பலரிடத்து ஒரு பழக்கம் காணப்படுகின்றது. தாளின் ஒரு மூலை வெறுமையாய் இருப்பினும் அவர்க்கு மனம் பொறுப்பதில்லை. கடலை வரைந்தால் தோணி வேண்டும். தோணி வந்தால் பறவை வேண்டும். பறவைக்கு மேலே மேகமும், மேகத்தினிடையே கதிரவனும் வந்து நிற்றல் வேண்டும். இங்ஙனம் நிறைந்த படத்தைக் காண்போன் எதனை முதற்கண் நோக்குவது என்று அறியாது திகைக்கின்றான். கோடு, வடிவம், நிறம், ஒளி, நிழல் என்னும் உறுப்புக்கள் யாவும் அப்படத்தில் உள. அவற்றை ஒன்றாகக் கூட்டும் அமைப்பு ஒன்றே இல்லை. வெற்றிடமும் கோட்டைப் போல ஓர் உறுப்பே என்பதை நாம் கற்பிக்கத் தவறியதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

இவ்வுண்மையை அறிதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சாகுபுரத்தை அடுத்த உப்பளங்களைக் கோடைக்காலத்து மாலையில் நோக்குக. வரப்புக்கள் நேர்கோடுகளாய் ஓடி நிலத்தைப் பாத்திகளாக வகுக்கின்றன. தொலைவு செல்லச் செல்லப் பாத்திகள் குறுகிக் கண்ணை அடிவானத்திற்கு இட்டுச் செல்கின்றன. ஆங்காங்கே வெண்மையான உப்புக் குவியல்கள் சிறு குன்றுகளைப்போல் நிற்கின்றன. கோடும் வடிவமும் அளவும் ஒருங்கே அமைந்த காட்சிதான். ஆயினும் மேலே ஒன்றுமின்றிப் பரந்த வானம் இல்லையேல் இத்தனை அழகும் தோன்றுமோ? இதனை வரையப் புகுவோன் வானத்திற்கு எத்துணை இடம் அளிப்பது என்பதையே முதலில் துணிதல் வேண்டும். சரிபாதி அளித்தால் வானும் நிலமும் ஒன்றற்கொன்று விட்டுக்கொடாத இரு வழக்காளிகளைப்போல் நிற்கும். முக்காற்பங்கு அளித்தாலோ, கீழேயுள்ள சிறு குவியலும் பெருமை பெறும்.

நம் மாவட்டத்துச் சிற்பிகள் இதனை ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே அறிந்திருந்தனர். கோவிற்பட்டிக்கு அணித்தாயுள்ள கழுகுமலைக்குச் செல்வோர், மலையை மேலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி, முற்றுப்பெறாமல் விடப்பட்ட வெட்டுவான் கோயிலைக் கண்டு வியந்து திரும்பிவிடுகின்றனர். பாண்டியர் காலத்து அக்கோயில் வியக்கத்தக்கதே. ஆனால் அமைப்பைக் கற்க விரும்புவோர் அம்மலையிலுள்ள சமணச் சிற்பங்களின் முன் சிறிது நேரம் நிற்றல் வேண்டும். தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றும் தன் மாடத்துள், முக்குடையின் கீழ் அசைவின்றி அமர்ந்துள்ளன. ஒரே வடிவம் மீண்டும் மீண்டும் வருதலால் கண்ணிற்கு ஒரு தாளம் பிறக்கின்றது. இவ்வரிசை சலிப்பூட்டாதோ எனின், ஊட்டாது. உருவிற்கும் உருவிற்கும் இடையே விடப்பட்ட பாறை, தாளத்தின் இரு தட்டுக்களுக்கு இடையேயுள்ள மௌனத்தைப் போன்றது. வேறோரிடத்தில் பாகுபலி கொடிகள் சுற்றிய உடலோடு நிமிர்ந்து நிற்க, இருமருங்கும் தங்கையர் இருவர் நிற்கின்றனர். நடுவில் ஒருவர், இருபுறமும் ஒவ்வொருவர். சமநிலை என்பதை இதனினும் எளிதாக விளக்கும் பாடநூலை யான் கண்டதில்லை.

வெற்றிடத்தின் ஆற்றலை இன்னும் பெரிய அளவிற் காண விழைவோர் மாமல்லபுரத்திற்குச் செல்க. ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் செதுக்குவித்த பெரும் பாறைச் சிற்பம் ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுடையது. அதனை அருச்சுனன் தவம் என்பாரும் கங்கையின் வரவு என்பாரும் உளர். அவ்வழக்கு இங்கு வேண்டுவதன்று. பாறையின் நடுவே இயற்கையாக அமைந்த பிளவு ஒன்று உண்டு. வேறொருவனாயின் இப்பாறை பழுதுடையது என்று தள்ளியிருப்பான். அச்சிற்பியோ பிளவையே ஆறாக்கி, அதனுள் நாகர்களை அமைத்து, தேவரும் முனிவரும் வேடரும் விலங்குமாகிய கூட்டத்தை இருபுறமிருந்தும் அதனை நோக்கி வரச் செய்தான். யானைகள் எத்துணைப் பெரியனவாயினும் நம் கண் அவற்றிடம் தங்கிவிடாமல் பிளவிற்கே மீளுகின்றது. இத்தனை உருவங்களையும் ஒன்றாகக் கட்டுவது ஒரு வெடிப்பு!

விதிகளை மனப்பாடம் செய்தால் போதாதோ என்று சிலர் வினவக்கூடும். காமசூத்திரத்திற்கு யசோதரர் எழுதிய உரையில் சித்திரத்தின் ஆறு அங்கங்கள் கூறப்பட்டுள்ளன: உருவ வேறுபாடு, அளவு, பாவம், எழில் கூட்டல், ஒப்புமை, வண்ணக் கலப்பு. அருமையான பட்டியலே. ஆயினும் வெற்றிடம் அதிற் பெயர் பெறவில்லை. மாணவர் கைப்பேசியில் படம் எடுக்குங்கால் திரையை மூன்று மூன்றாகப் பகுக்கும் கோடுகளும் அத்தகையனவே. பொருளை எங்கே வைக்கலாம் என்று அவை சொல்லும்; எதனை விட்டுவிடலாம் என்று சொல்லமாட்டா.

அவ்வாறு அங்கங்களை விளக்கி எழுதிய அவனீந்திரநாத தாகூரின் மாணவர் தேவிபிரசாத் ராய் சௌதுரி, 1929-இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைவரானார். மெரீனா கடற்கரையில் 1959-இல் நிறுவப்பெற்ற அவரது உழைப்பாளர் சிலையை அறியாதார் யார்? பாறையை அசைக்க முயலும் நால்வர், அவர்தம் சாய்ந்த உடல்கள், பின்னே வானம். அவர்கள் எங்கே, யாருக்காக உழைக்கின்றனர் என்று காட்ட ஆலையையோ கருவிகளின் குவியலையோ அவர் சேர்த்தாரல்லர்.

ஆதலின் நம் சித்திர வகுப்பிற்கு ஒன்று விண்ணப்பித்துக் கொள்கின்றேன். விதிகளைக் கரும்பலகையில் எழுதுமுன், ஒவ்வொரு மாணவர்க்கும் மூன்று தாள்களைக் கொடுங்கள். ஒரேயொரு உப்புக் குவியலை ஒன்றில் நடுவிலும், மற்றொன்றில் ஓரத்திலும், மூன்றாவதில் மிகக் கீழேயும் வரையட்டும், வேறொன்றும் சேர்க்கலாகாது. பின்னர் மூன்றையும் சுவரில் ஒட்டி, பார்க்க வருவோர் எதன் முன் நெடுநேரம் நிற்கின்றனர் என்பதை அம்மாணவரே கவனித்துக் குறித்து வரட்டும்.