பெண் கொடையாளருக்குப் பன்னிரண்டு வாரம் போதாது

ஆஸ்திரேலியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் இரத்த சேவையான லைஃப்பிளட் அமைப்பின் தலைமை நிர்வாக அதிகாரி அவர்களுக்கு,



சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு எனப் பிரிக்காமல் அப்படியே எடுக்கப்படும் முழு இரத்தத்தைத் தருபவர், ஆணாயினும் பெண்ணாயினும், 12 வாரம் கழிந்ததும் மீண்டும் தரலாம் என்பது தங்கள் அமைப்பின் விதி. அமெரிக்காவின் 56 நாள் இடைவெளியோடு ஒப்பிட்டால் இது கொடையாளர்பால் அக்கறை கொண்ட விதியே. எனினும் இந்தியாவில் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் என்றும், இங்கிலாந்தில் முறையே 12 வாரம், 16 வாரம் என்றும் வகுக்கப்பட்டுள்ள வேறுபாடு இவ்விதியில் இல்லை.

ஒருமுறை எடுக்கப்படும் ஏறத்தாழ 470 மில்லிலிட்டர் இரத்தத்தில் நீர்ப்பகுதியான பிளாஸ்மா ஓரிரு நாளில் ஊறிவிடுகிறது. சிவப்பணுக்கள் சில வாரங்களில் நிரம்புகின்றன. ஆனால் அவற்றோடு வெளியேறும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்புச்சத்து அவ்வளவு எளிதில் மீள்வதில்லை, ஏனெனில் உணவிலிருந்து நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமே உடலில் சேர்கிறது, அதிலும் பெரும்பங்கு அன்றாட இழப்பை ஈடுகட்டவே செலவாகிறது. மாதவிடாய்ப் பருவத்துப் பெண்ணின் இரும்புச் சேமிப்பு பெரும்பாலும் 300 மில்லிகிராம் அளவிலேயே இருப்பதால், ஒரே கொடையில் அது வற்றிவிடக்கூடும். 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இரும்பு மாத்திரை உட்கொள்ளாத கொடையாளரில் மூன்றில் இரண்டு பங்கினர் 24 வாரம் கடந்தும் இழந்த இரும்பை மீளப் பெறவில்லை.

கொடைக்கு முன் விரல்நுனியில் குத்தி எடுக்கும் துளியில் அளக்கப்படுவது, பிராணவாயுவைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபின். இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் அன்று. இருப்பு கரைந்த பிறகும் ஹீமோகுளோபின் சிறிது காலம் தாக்குப்பிடிக்குமாதலால், லிட்டருக்கு 120 கிராம் என்னும் எல்லையைத் தாண்டிய பெண்ணும் இரும்பு வறண்ட உடலோடு நாற்காலியில் சாய்ந்து கை நீட்டக்கூடும். புறநகர்களான பரமட்டாவிலோ டாண்டினாங்கிலோ சைவ உணவு உண்டு, சாப்பிட்ட கையோடு தேநீரும் அருந்தும் தமிழ்ப் பெண்ணுக்கு இவ்விடர் மேலும் மிகுதி; பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடலில் சேர்வதைத் தேநீரின் துவர்ப்புப் பொருள் தடுக்கிறது.

இடைவெளியைக் கூட்டினால் இரத்த வரத்துக் குறையும் என்ற கவலை நியாயமானதே. 45,000க்கு மேற்பட்ட கொடையாளர் பங்கேற்று 2017இல் முடிவு வெளியான இங்கிலாந்து ஆய்வு, அடிக்கடி எடுத்தால் கூடுதல் இரத்தம் கிடைக்கும் என்பதோடு இரும்புக் குறைபாடும் கூடும் என்பதையும் காட்டியது. அக்கூடுதல் இரத்தத்தின் விலையைக் கொடையாளரின் உடல் செலுத்துவது முறையன்று. சிவப்பணுக்களைத் திருப்பிச் செலுத்திவிடுவதால் இரு வாரத்துக்கொருமுறை தரத்தக்க பிளாஸ்மா கொடை மாற்றுவழியாக இருக்கிறது. 1954 முதல் 2018 வரை 1,173 முறை, பெரும்பாலும் பிளாஸ்மாவாக, கொடையளித்த ஜேம்ஸ் ஹாரிசன் பிறந்த நாட்டில் அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பெண்களுக்கான இடைவெளியை 16 வாரமாக உயர்த்தவும், அடிக்கடி முழு இரத்தம் தரும் பெண்களுக்கு ஃபெர்ரிட்டின் சோதனையை வழக்கமாக்கவும், இவ்விளக்கங்களைத் தமிழிலும் அச்சிட்டு வழங்கவும் தாங்கள் ஆவன செய்யுமாறு இம்மடல் வேண்டுகிறது.